இந்த சீசன் முழுக்க வயோலாக்காரர்களுக்குத்தான்!

வணக்கம் மக்களே! பின்னால் மேசை முழுக்கக் காகிதமும் டேப்புமாகக் கிடக்கிறதே, அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் நல்ல செய்தி. எங்கள் கம்யூனிட்டி ஆர்கெஸ்ட்ராவின் அடுத்த சீசன் பட்டியல் வந்துவிட்டது. மொத்தம் மூன்று கச்சேரி. மூன்றிலும் நான் உண்டு. அதே வயோலா வரிசை (வயலின் மாதிரியே, கொஞ்சம் பெரிசு, நாதம் கொஞ்சம் கீழே), இரண்டு பேருக்கு ஒன்றாக வைக்கும் அதே இரண்டாவது நோட்டு ஸ்டாண்டு, அதே உள்பக்க நாற்காலி.

பட்டியலைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷூபர்ட், பீத்தோவன், மோட்சார்ட், ட்வோர்ஷாக். இந்த நாலு இசையமைப்பாளர்களும் வயோலா வாசித்தவர்கள்! பீத்தோவன் இளவயதில் பான் நகர அரசவை ஆர்கெஸ்ட்ராவில் வயோலாக்காரர். ஷூபர்ட் வீட்டில் அண்ணன்கள் வயலின், அப்பா செல்லோ, இவர் வயோலா. மோட்சார்ட் நண்பர்களோடு குவார்டெட், அதாவது நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் இசை, வாசிக்க உட்கார்ந்தால் வயோலாவைத்தான் எடுப்பார். ட்வோர்ஷாக் பிராகில் ஒரு நாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் 1871 வரை வயோலா வாசித்துத்தான் சம்பளம் வாங்கினார். வயோலா என்றாலே கமெண்டில் வந்து ஜோக் போடுகிறவர்களுக்கு இனிமேல் இதுதான் என் பதில். எனக்கு அந்த ஜோக்குகள் பிடிக்காது, எப்போதும் பிடித்ததில்லை.

சரி, முதல் கச்சேரி. ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி, அப்புறம் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி. ஷூபர்ட் அதை எழுதியது 1822இல், முதல்முறை மேடையேறியது 1865இல். அவர் இறந்ததே 1828இல் என்பதால், அந்த இசையை ஆர்கெஸ்ட்ரா வாசித்து அவர் கேட்கவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனத்துவிடும். பீத்தோவன் ஐந்தாவதில் எல்லோரும் அந்த முதல் நாலு ஸ்வரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவது மூவ்மென்ட், அதாவது சிம்பொனியின் இரண்டாவது பகுதி. தொடக்கத்தில் வயோலாவும் செல்லோவும் மட்டும் சேர்ந்து அந்த மெட்டை எடுக்கும், முதல் வயலின்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு இப்படி ஒரு இடம் எத்தனை சிம்பொனியில் கிடைக்கிறது, சொல்லுங்கள்!

இரண்டாவது கச்சேரியில் மோட்சார்ட் 1779இல் எழுதிய சின்ஃபோனியா கான்செர்டான்டே. வயலினும் வயோலாவும் சம அந்தஸ்தில் சோலோ. ஆர்கெஸ்ட்ரா ஈ ஃப்ளாட் மேஜர் என்கிற சுருதியில் இருக்கும். ஆனால் சோலோ வயோலாவுக்கு அதைவிட அரை ஸ்வரம் கீழே, டி மேஜரில் எழுதி, நாலு கம்பியையும் அரை ஸ்வரம் ஏற்றிக் கட்டச் சொல்கிறார். கம்பி இறுகும், வெறும் கம்பியை மீட்டும் இடங்கள் நிறைய வரும், நாதம் பளிச்சென்று எழும். இப்போது பெரும்பாலானவர்கள் ஏற்றாமலே ஈ ஃப்ளாட்டில் வாசித்துவிடுகிறார்கள். எங்கள் வரிசைத் தலைவி ஏற்றித்தான் வாசிக்கப் போகிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எழுதியவர் சொன்னபடி ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?

மூன்றாவதுதான் பெரிய விஷயம், ட்வோர்ஷாக் ஒன்பதாவது, புது உலகம். 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் முதலில் அரங்கேறியது. மேசையில் கிடக்கிற காகிதமும் இதுதான்.

என்ன ஆயிற்று என்றால், ட்வோர்ஷாக் காலமானது 1904இல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், பழைய அச்சு பார்ட்டை (ஒரு கருவிக்கு மட்டுமான நோட்டுத் தாள்களை) எடுத்துப் பிரின்ட் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அதை யாரோ ஒன்று-இரண்டு, மூன்று-நாலு என்று ஜோடி சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய அச்சில் முதல் பக்கம் தனியாக வலது கைப்பக்கம் இருக்கும், விரித்தால் இரண்டும் மூன்றும் எதிரெதிரே வரும். அச்சுக்காரர் கணக்குப் போட்டு, வலது பக்கம் முடிகிற இடத்தில் வாசிக்காமல் இருக்கும் நேரம் வரும்படி வைத்திருப்பார், பக்கம் புரட்டுவதற்காக. ஒரு பக்கம் தள்ளி ஒட்டினால் எல்லாப் புரட்டலும் போச்சு! வில் முழு ஓட்டத்தில் இருக்கும்போது கையை எடுக்க வேண்டும்.

கையை எடுக்க வேண்டியது யார்? உள்பக்கம் உட்கார்ந்திருக்கிற நான். வெளிப்பக்கத்து அக்கா நிறுத்தாமல் வாசிப்பார், அதுதான் வழக்கம். முதல் ஒத்திகையில் கடைசி மூவ்மென்டில் புரட்டினேன், இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. அக்கா வில்லை நிறுத்தாமலே, "திருப்பு, பின்னாடி திருப்பு" என்றார். அதற்குள் ஒன்பது பார், அதாவது ஒன்பது தாளச் சுற்று, போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

டேப்லெட் வாங்கு, காலால் மிதித்துப் புரட்டு என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எனக்கு வேண்டாம். பென்சிலால் வில் ஏற்றம், இறக்கம் குறித்துவைத்த காகிதம்தான் என் கைக்குப் பழக்கம். ஆகவே நேற்று ராத்திரி ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, மறுபடி ஒட்டினேன். பிளாஸ்டிக் டேப் போடாதீர்கள், மேடை விளக்கில் பளபளக்கும், மடிக்கும்போது படபடவென்று சத்தமும் போடும். காகித டேப்தான் சரி. இரண்டு தாளுக்கும் நடுவே ஒரு நூல் அளவு இடைவெளி விட்டு ஒட்டுங்கள், அப்போதுதான் முழுசாக மடங்கும். அப்புறம் கீழ் மூலையைக் கொஞ்சம் மேலே மடித்துவிட்டால் விரலுக்கு உடனே சிக்கும்.

ஐயோ, கார் ஆங்லே விஷயத்தைச் சொல்லாமலே போகிறேனே! புது உலகத்தின் மெதுவான இரண்டாவது மூவ்மென்டான லார்கோவின் அந்தப் புகழ்பெற்ற மெட்டு அதற்குத்தான். ஓபோ என்கிற ஊது கருவியை விட ஐந்து ஸ்வரம் கீழே பேசும் கருவி. எங்கள் ஓபோக்காரர்களிடம் அது கிடையாது. அது இல்லாவிட்டால் இந்தச் சிம்பொனியே வேண்டாம் என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன். வேறு கருவியில் அந்த மெட்டைக் கேட்க என்னால் முடியாது. இரவல் கிடைத்துவிட்டது, போன வாரம்! எங்கள் ஓபோக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்து ரீடை (ஊதும் நாணல் துண்டை) வாயில் நனைத்து முதல் வரியை வாசித்தபோது, தாளம் தட்டிக்கொண்டிருந்த எங்கள் சிம்பல்காரர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு இந்தச் சிம்பொனி முழுக்க ஒரே ஒரு அடிதான், அதுவும் கடைசி மூவ்மென்டில். அதற்காக ஒரு ஒத்திகை விடாமல் வருகிறார். அவரைப் போன்றவர்களால்தான் எனக்கு இந்த ஆர்கெஸ்ட்ராவை இவ்வளவு பிடிக்கும்.

அதே லார்கோவின் கடைசிப் பகுதியில் ஒரு சில கம்பி வாத்தியங்கள் மட்டும் மெட்டை வாசித்து, நடுநடுவே நின்றுவிடும். சுத்தமான மௌனம். அந்த நேரத்தில் ஒரு தாள் சரசரத்தால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அதனால் இதையும் சோதித்துவிடுகிறேன். மைக்கைக் கிட்டே வைக்கிறேன், நீங்கள் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். மூலையைப் பிடிக்கிறேன்... புரட்டினேன். கேட்டதா? எனக்குக் கேட்கவில்லை. இருங்கள், இன்னும் கொஞ்சம் வேகமாக ஒரு தடவை.