இரண்டு பூட்டு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் நம் மொரீஷியஸ் ரோஸ்ஹில் பெருமக்களே, வணக்கம்.

'கோயில் நிர்வாகத்தில் அரசும் நீதிமன்றமும் தலையிடுவது தேவையே? தொல்லையே?' இதுதான் தலைப்பு. நான் 'தேவையே' அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "சாமி வீட்டுக்குள் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கேட்டுப் பெரிய கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். கேள்வி அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் அண்ணே, ஒரு சந்தேகம். அந்த வீட்டுச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? சாமி இடுப்பிலா?

என் அப்பா நம் நாட்டின் வடக்குப் பக்கம், ஒரு கரும்புத் தோட்டத்துக் கோயிலில் பொருளாளராக இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம், இரண்டு கட்சிக்காரர்களும் இந்த மண்டபத்தில் இருக்கலாம். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டுதான் அப்பாவின் கணக்குப் புத்தகம். ஒரு பக்கத்தில் நல்லெண்ணெய்க் கறை, இன்னொரு பக்கத்தில் குங்குமம். கற்பூரம் இவ்வளவு, வாழையிலை இவ்வளவு, ஏழு கறிக்குப் பூசணிக்காய் இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருப்பார். ஒரு வருஷம் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "அரிசி எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை வெந்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

இரண்டே வாரத்தில் எங்கள் கோயிலுக்கு இரண்டு கமிட்டி, இரண்டு பிரசிடென்ட், இரண்டு ரப்பர் ஸ்டாம்பு. கேட்டில் ஒரு கட்சி பூட்டுப் போட்டது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் அதற்கு மேலே இன்னொரு பூட்டு. இவர் திறந்தாலும் அவர் திறக்காமல் ஈ, எறும்பு உள்ளே போக முடியாது. தைப்பூசக் கொடியேற்றத்துக்கு ஐந்தே நாள். காப்புக் கட்ட வேண்டியவர்கள் தெருவில் நின்று கேட் முன்னால் தேங்காய் உடைத்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த குருக்கள் ஐயா, தன்னுடைய பெர்மிட் கடிதத்தில் இனி எந்தப் பிரசிடென்ட் கையெழுத்துப் போடுவார் என்று தெரியாமல், சுவர் ஓரமாக நின்று திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார். பாவம்.

அந்தக் கதையின் மீதியை அப்புறம் சொல்கிறேன்.

எதிரணியில், "சிவன் சொத்து குல நாசம். அந்தப் பயம் போதும், ஆடிட்டர் எதற்கு?" என்றார்கள். ஐயா, யாருமே எடுக்காத சொத்துக்கு எதற்குப் பழமொழி? அது பிறந்த காலத்திலேயே எவனோ எடுத்திருக்கிறான்!

நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். உத்திரமேரூர்க் குடவோலை முறையைக் குடம், ஓலை, சின்னப் பையன் கையை விட்டு எடுப்பது என்று நடித்துக் காட்டி முடித்துவிடுவோம். அந்த முறையைச் சொல்லும் கல்வெட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், சுமார் 1100 வருஷத்துக்கு முந்தியது. வாரியம் என்கிற ஊர்க் கமிட்டியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. சரி, நியாயம். ஆனால் அவன் மட்டுமா? சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மருமகன் என்று சொந்தபந்தம் பூராவும் நிற்கக் கூடாது! இந்த விதியை எங்கள் கோயிலுக்குக் கொண்டுவந்தால் கமிட்டிக்கு ஆளே கிடைக்காது. அது ஊர்ச்சபைக்கான விதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொறித்த இடம் கோயில் சுவர். சபையார் அதை முடிவு செய்தபோது அரசன் அனுப்பிய அதிகாரி கூடவே உட்கார்ந்திருந்தார் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அரசாங்கம் நேற்றுத்தான் மூக்கை நுழைத்தது என்று சொல்லாதீர்கள்.

அடுத்து மதுரைக்கு வாருங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பதை ஊரே நேரில் பார்த்தது அங்கேதான். 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அதுவரை சாதியைக் காரணம் காட்டி அவர்களை உள்ளே விட்டதில்லை. கோயிலில் இருந்த ஒரு சாரார் கொதித்தார்கள். அவர்களை உள்ளே வரவேற்றது யார்? கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. எதிரணி அண்ணன் இவ்வளவு நேரமும் திட்டிக்கொண்டிருந்தாரே, அதே நிர்வாக அதிகாரி என்கிற நாற்காலிதான்! உள்ளே போனவர்கள்மீதும் விட்டவர்கள்மீதும் வழக்குப் பாயாமல் இருக்க, அந்த வருஷமே ராஜாஜி அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தபோது அவர்களில் எத்தனை பேரை ஊர்க் கோயில் வாசலோடு நிறுத்தி வைத்திருந்தார்களோ. கரும்புக்காட்டில் கல்லை நட்டு அவர்களே கோயில் கட்டிக்கொண்டார்கள். அதனால்தானோ என்னவோ, மதுரைக் கதையைச் சொன்னால் என் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இன்னொரு இடம் பத்தூர். தஞ்சைப் பக்கத்துச் சின்ன ஊர். கோயில் இடிந்து கிடந்தது. பூசை கிடையாது, டிரஸ்டி கிடையாது. 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராசர் கிடைத்தார். கை மாறி, கடல் தாண்டி, கனடா கம்பெனி ஒன்றுக்கு விலைபோய்விட்டார். லண்டனில் வைத்துப் போலீஸ் அவரை எடுத்துக்கொண்டது. இப்போது கேள்வி: "இவர் எங்கள் ஊர்ச் சாமி" என்று லண்டன் கோர்ட்டில் போய்ச் சொல்வது யார்? பக்தர்களே நிர்வாகம் செய்யட்டும் என்கிறீர்களே, அங்கே விளக்கேற்றக்கூட ஆளில்லையே! இந்திய அரசு போனது, தமிழ்நாட்டு அரசு போனது, டிரஸ்டி இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை சட்டத்தின்படி பொறுப்பாக வரும் 'தக்கார்' போனார். கோயிலில் மிஞ்சியிருந்த சிவலிங்கத்தின் பெயரையும் வாதிகள் வரிசையில் சேர்த்தார்கள். 1991-ல் மேல்முறையீட்டிலும் கோயில் பக்கமே தீர்ப்பு. நடராசர் ஊர் திரும்பினார். நம் நாட்டு வழக்குகளும் கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகின்றன. நமக்கு முன்னால் நடராசரே அந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்.

எதிரணியில் ஒரு அக்கா குறிப்பு எடுக்கிறார், தெரிகிறது. ஸ்ரீபுரந்தான் என்று எழுதுகிறீர்கள், சரியா? அங்கே கோயில் பூட்டிக் கிடந்தது, நடராசரைத் திருடினார்கள், ஆஸ்திரேலியா அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது, 2014-ல்தான் திரும்பி வந்தார். அப்போது துறை தூங்கியது. ஆமாம், தூங்கியது. நான் இல்லையென்று சாதிக்க வரவில்லை. கோயில் வருமானத்திலிருந்து நிர்வாகத்துக்கு என்று ஒரு பங்கு, தணிக்கைக்கு என்று ஒரு பங்கு எடுக்கிறார்களே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. காவல்காரன் தூங்கினால் தண்ணீர் தெளித்து எழுப்பணும். காவலே வேண்டாம் என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவோமா?

சிதம்பரத்தைச் சொன்னார்கள். தீட்சிதர்களிடமிருந்து நிர்வாகத்தை எடுத்ததை 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது என்றார்கள். உண்மை. திருப்பிக் கொடுத்தது யார் அண்ணே? கோர்ட்! கோர்ட்டே கூடாது என்று வாதாட வந்தவர் கோர்ட் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரலாமா? அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது? நிர்வாகத்தில் கோளாறு இருந்தால் அரசு வரலாம், கோளாறு தீர்ந்ததும் கிளம்பிவிட வேண்டும், காலவரையில்லாமல் உட்காரக் கூடாது. பிளம்பர் வந்தால் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகணும், நம் வீட்டிலேயே குடித்தனம் வைக்கக் கூடாது. இதைத்தானே எங்கள் அணியும் சொல்கிறது!

"அரசாங்கம் உள்ளே வந்தால் நம் பேச்சு எடுபடுமா?" என்றும் கேட்டீர்கள். 1998 ஞாபகமிருக்கிறதா? புது ரூபாய் நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டார்கள். நம் ஜனம் சும்மா இருந்ததா? அந்த நோட்டையே திரும்பப் பெறவைத்தோம். இந்த நாட்டில் மக்கள்தொகையில் நாம் எத்தனை பேர்? அரசாங்க நோட்டை மாற்றவைத்த நம்மால், எங்கள் கோயில் பிரசிடென்டைப் பத்தொன்பது வருஷமாக மாற்ற முடியவில்லை ஐயா!

சரி, எங்கள் பூட்டுக்கு வருகிறேன். மணியைக் கையில் எடுத்துவிட்டீர்கள், பார்க்கிறேன்.

ஒரு கட்சி கோர்ட்டுக்குப் போயிருந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம், நல்ல மழையில், உஷர் என்கிற கோர்ட் ஊழியர் ஒரு தாளோடு வந்தார். ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல்காரர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் கேட் பக்கம் வந்தார். தாளை வாசித்தார்: இரண்டு பூட்டையும் இப்போதே எடுக்கணும், உண்டியலை இரண்டு தரப்பும் சேர்ந்து எண்ணணும், யார் கமிட்டி என்பதை அப்புறம் பார்க்கலாம். பூசை எத்தனை மணிக்கு, சுவாமி எந்த வழியாகப் புறப்பாடு, அதையெல்லாம் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு பிரசிடென்ட் உடனே திறந்துவிட்டார். இன்னொருவர் சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், மனைவியைப் பார்த்தார். சாவியைக் காணோம். கடைசியில் எதிர்க்கட்சிக்காரர் மகன்தான் தன் லாரியிலிருந்து இரும்பு ரம்பம் கொண்டுவந்து அறுத்தான். அரை மணி நேரம் ஆனது. உஷர் அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அறுந்த பூட்டை அப்பா இத்தனை வருஷமும் மேசை டிராயரில் வைத்திருந்தார். நேற்று இந்தப் பேச்சுக்காகக் கேட்டேன், கொடுத்தார். இதோ, உங்கள் மேசைமேல் வைக்கிறேன் நடுவர் ஐயா. ஃபேன் காற்றில் உங்கள் தீர்ப்புத் தாள் பறக்காமல் இருக்கட்டும். வணக்கம்.