கேட்டது கைக்கு வர வேண்டும்

கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் போதகர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூப்பர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, சற்றுமுன் பாடி நம் மனதை ஆயத்தப்படுத்திய பாடகர் குழுவினரே, பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லாருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என் அன்பின் வாழ்த்துகள். நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டிவிட்டு வாசலோரம் நிற்கிற வாலிபத் தம்பிகளே, உள்ளே வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இன்று அதிகம் சொல்லப்போகிறேன்.

‘உள்ளூர்ச் சபையில் சீஷத்துவம்’, அதாவது இயேசுவின் சீஷராய் வாழ்வது, என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வசனத்தைக் கேட்பது, கேட்டதைக் கைக்கொள்வது, கைக்கொண்டதை அடுத்தவருக்குக் கடத்துவது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒரு பிரசங்கம் என்றால் வருடத்துக்கு 52. பத்து வருடம் சபைக்கு வந்தவர் ஐந்நூறுக்கு மேல் கேட்டுவிட்டார். ஆனால் மத்தேயு 28:20-ல் ஆண்டவர் எப்படிச் சொன்னார்? “நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்” என்றார். ‘கைக்கொள்ளும்படி’ என்கிற அந்த ஒரு சொல்லை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். யாக்கோபும் திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்றார்.

கைக்கொண்டோமா என்று யார் கேட்பது? இங்கே ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். 1742 பிப்ரவரி 15. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டிய மண்டபத்தின்மேல் கடன் நிற்கிறது. என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுகிறார்கள். ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, “கடன் தீருகிறவரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும்” என்கிறார். பென்னி என்பது அந்நாட்டுச் சிறு காசு. உடனே ஒரு குரல்: “பலர் ஏழைகள், அவ்வளவு கொடுக்க முடியாதே!” ஃபாய் என்ன சொன்னார் தெரியுமா? “மிகவும் ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். அவர்களால் முடிந்தால் கொடுக்கட்டும். முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கட்டுகிறேன். நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரை வாராவாரம் போய்ப் பாருங்கள்” என்றார்.

காசுக்காகத்தான் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் என்ன கண்டார்கள்? சிலருடைய நடக்கை, நடக்க வேண்டிய விதமாக இல்லை. வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். இத்தனை நாள் நமக்குக் குறைவாயிருந்தது இதுதான் என்று அவருக்குப் பளிச்சென்று பட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட அந்தப் பிரிவுகளின் தலைவர்களிடம், ஒவ்வொருவரின் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று வாரந்தோறும் விசாரிக்கும் வேலையைக் கொடுத்தார். வீடு வீடாய்ப் போவதில் நேரம் போதாததால், பிறகு வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் கூடினார்கள். கட்டடக் கடனுக்குப் போட்ட ஏற்பாடு ஜனங்களைக் கட்டி எழுப்பியது!

ஆகவே இந்தச் சபையிடம் நான் கேட்பது ஒன்றே. மூவர் குழு. இரண்டு பேர் போதாதா என்கிறீர்கள். ஒருவர் சுகமில்லாமல் படுத்தால் அந்த வாரம் நின்றுவிடும். இரண்டு வாரம் நின்ற குழு பெரும்பாலும் மறுபடி எழும்பாது. ஐந்து பேரானால், பேசாமல் தப்பித்துக்கொள்ள ஒருவருக்கு இடம் கிடைத்துவிடும். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. ஒரே வீட்டாரை ஒரே குழுவில் போடாதீர்கள். வீட்டுச் சண்டை அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம், ஆக 16 வாரம். முதல் கால் மணி, போன வாரம் எழுதியதைச் செய்தோமா என்று ஒவ்வொருவரும் சொல்வது. அடுத்த இருபது நிமிடம் அந்த வார அதிகாரம், சத்தமாக, மாறி மாறி வாசிப்பது. பிறகு பத்து நிமிடத்தில், வாசித்ததின்படி இந்த வாரம் செய்யப்போவதை ஆளுக்கு ஒரு வரி எழுதுவது. மீதி கால் மணி ஜெபம்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. “கோபத்தைக் குறைக்க வேண்டும்” என்று எழுதினால் அடுத்த வாரம் கேட்க ஒன்றும் இருக்காது. அது ஏட்டுச் சுரைக்காய். “செவ்வாய்க்கிழமை மாலை தம்பியைக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்பேன்” என்று எழுதுங்கள். யாரிடம், எப்போது, என்ன, மூன்றும் வரியில் இருக்க வேண்டும். அடுத்த வாரம் “கூப்பிட்டீர்களா, அண்ணா?” என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் திங்கட்கிழமை இரவே போனை எடுத்துவிடுவார்கள்! இல்லை என்று சொன்னால் திட்டக்கூடாது. எது தடுத்தது என்று கேட்டு, அதே வரியை மறுபடி எழுத வைக்க வேண்டும்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர் பிரசங்கியாகிவிடுவார். கடிகாரத்தை மற்றொருவர் கையில் கொடுங்கள். இன்னொன்று இதைவிடக் கொடியது. “அந்த அக்காவுக்காக ஜெபியுங்கள், அவர்கள் வீட்டில் இப்படியாம்” என்று ஜெபக்குறிப்பாகவே ரகசியம் வெளியே போய்விடும். ஒருமுறை போனால் அந்த அக்கா இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16 அந்தச் சபையில் செத்துவிடும். ஆனால் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ தீங்கு நடக்கிறது என்று தெரியவந்தால் அது ரகசியத்தில் சேராது. அன்றே போதகரிடமும் காவல்துறையிடமும் சொல்ல வேண்டும். முதல் வாரமே இதை வாய்விட்டுச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகக் கடத்துவது. 2 தீமோத்தேயு 2:2-ல், தன்னிடம் கேட்டதை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை ஒரே வசனத்தில் நிற்கிறது. விரித்துச் சொல்ல ஆசை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இவ்வளவு மட்டும்: 16 வாரம் முடிந்ததும் குழு கலைய வேண்டும். ஒவ்வொருவரும் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு முதலிடம் கொடுத்து வேறு இருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். பிரிய மனம் வராது. ஆனாலும் பிரியுங்கள்.

வாசல் பக்கத்து மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு வரிசைக்கு மூன்று பெயர், கூடும் நாள், நேரம். உடனிருக்க ஆள் கிடைக்காதவர் தன் பெயரை மட்டும் எழுதுங்கள். மீதி இருவரை மூப்பர்கள் இந்த வாரத்துக்குள் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது. மாற்கு முதல் அதிகாரத்துக்கு 45 வசனம்.