சட்டைப்பையில் ஒரு பேட்ஜ்: நடிகர் ஆர்னால்ட் ரிட்லியின் கதை

[திரையில்: ஊர்க்காவல் சீருடையில் ஒரு வெள்ளைமுடிப் பெரியவர்]

இந்த முகத்தைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் பிரிட்டனில் குறைவு. பிபிசியின் 'டாட்ஸ் ஆர்மி' தொடரில் வந்த பிரைவேட் காட்ஃப்ரே. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது ஊரைக் காக்கக் கிளம்பிய வயசாளிகள் படையில் இவர்தான் பரம சாது. அணிவகுப்பு நடுவில் பாத்ரூம் போக அனுமதி கேட்பார். 1968-ல் தொடர் ஆரம்பித்தபோது நடிகருக்கு வயது 72. பெயர் ஆர்னால்ட் ரிட்லி.

அந்தத் தளர்ச்சி முழுக்க நடிப்பு கிடையாது.

[திரையில்: சோம் போர்க்களம், 1916]

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 1896-ல் பிறந்தவர். அப்பா ஷூ கடை வைத்திருந்தார். நடிப்பில் கால் வைத்த நேரத்தில் முதல் உலகப் போர் வந்தது. பிரான்சில் உள்ள சோமில் நேருக்கு நேர் சண்டையில் தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடி, தொடை இடுக்கில் பயனெட் என்கிற துப்பாக்கிமுனைக் கத்தியின் குத்து. இடது கை கடைசிவரை பழையபடி ஆகவில்லை. தலையில் பட்ட அடியால் திடீர் திடீரென்று மயக்கம் வரும். ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

சாதாரண உடையில் தெருவில் போனவரிடம் ஒரு பெண் வந்து வெள்ளை இறகு ஒன்றை நீட்டினார். போருக்குப் போகாத ஆண்களைக் கோழை என்று குத்திக்காட்ட அப்போது அங்கே இருந்த வழக்கம் அது. காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கு அரசு கொடுத்த பேட்ஜ் ரிட்லியின் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை அவர் எடுத்துக் காட்டவில்லை. பேசாமல் இறகை வாங்கிக்கொண்டார்.

எனக்கு ரிட்லி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இந்த இடம்தான்.

போருக்குப் பிறகு பர்மிங்ஹாமில் மேடையேறினார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. திரும்ப அப்பா கடைக்கே வந்தார். நாடகம் எழுத உட்கார்ந்தது அதன் பிறகு.

[திரையில்: இரவு, ஆளில்லாத சின்ன ரயில் நிலையம்]

பிரிஸ்டல் பக்கத்தில் மாங்கட்ஸ்ஃபீல்ட் ஸ்டேஷன். அடுத்த ரயிலுக்காக அங்கே மாட்டிக்கொண்டார். ரயில் வருகிற சத்தம், கடந்து போகிற சத்தம், தேய்ந்து மறைகிற சத்தம் எல்லாம் கேட்டது. பிளாட்பாரத்திலோ ரயிலே இல்லை! ஸ்டேஷனுக்குள் வராமல் சுற்றிப் போகும் வேறொரு பாதையில் ஓடிய எக்ஸ்பிரஸ் அது. அந்தச் சத்தத்திலிருந்து பிறந்ததுதான் 'தி கோஸ்ட் ட்ரெய்ன்' நாடகம். 1925-ல் லண்டன் மேடைக்கு வந்து 600 காட்சிகளுக்கு மேல் ஓடியது.

நாடகத்தில் ரயிலைக் காட்டவே மாட்டார்கள், சத்தம்தான். மேடையில் வரிசையாக மரச் சட்டங்களை அடித்து, புல்வெளியைச் சமப்படுத்தும் கனத்த உருளையை அவற்றின் மேல் உருட்டுவார்கள். தடக் தடக்கென்று சக்கரம் தண்டவாள இணைப்பில் ஏறி இறங்குகிற அதே தாளம். கூடவே பால் கேன்கள், பெரிய டிரம், இடிச் சத்தத்துக்கு அசைக்கும் தகடு. இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுத்தண்டு சில்லிடாமல் என்ன செய்யும்?

முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். நடுவில் தொடங்கிய சினிமா கம்பெனி மூழ்கியது, கடனை அடைக்கப் பல வருஷம் ஆனது. 1939-ல் மறுபடி ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போனார். உடம்பு அப்படி இருந்தும் போனார்! 1940-ல் பூலோன் துறைமுகத்திலிருந்து தப்பித்துத் திரும்பி, நிஜமான ஊர்க்காவல் படையிலும் சேர்ந்தார்.

[திரையில்: தொடரின் காட்சி, 1969]

இப்போது காட்ஃப்ரேவிடம் வருவோம். ஒரு எபிசோடில் அவர் முதல் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர் என்று தெரியவருகிறது. கூட இருந்தவர்களே முகம் திருப்பிக்கொள்கிறார்கள். பிறகு காட்ஃப்ரே படுத்த படுக்கையாகக் கிடக்க, பார்க்க வந்த கேப்டன் சுவரில் ஒரு பழைய போட்டோவைக் கவனிக்கிறார். சீருடையில் இளவயது காட்ஃப்ரே, நெஞ்சில் வீரப் பதக்கம். ஆயுதம் தொடாதவர், ஸ்ட்ரெச்சர் தூக்கப் போய், குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களை மீட்டு வந்திருக்கிறார். எந்தப் போர்க்களத்தில்? அதே சோமில்.

ஏன் பதக்கத்தை அணிவதில்லை என்று கேட்கிறார்கள். படுக்கையில் இருந்தபடி கூச்சத்தோடு பதில் சொல்கிறார், 73 வயது ரிட்லி.