பாலத்தை இடித்த வினைச்சொல்: ‘ரிசிண்ட்’

சேலத்திற்கு வரும் ஒரு வக்கீல் நோட்டீஸில் ஒப்பந்தத்தை ‘ரிசிண்ட்’ (rescind) செய்வதாக எழுதியிருந்தால், அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்ட ஒரு பாலம் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

வணக்கம். லத்தீனில் ‘ஸ்கிந்தெரே’ என்றால் கிழித்தல், பிளத்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டு சேர்ந்து அது ‘ரெஸ்கிந்தெரே’ ஆயிற்று; அதிலிருந்து வந்ததே ‘ரிசிண்ட்’. இலக்கணம் அவ்வளவுதான், பாலத்திற்குப் போவோம்.

கி.மு. 58இல், இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த ஹெல்வேத்திய மக்கள் ரோமானிய மாகாணத்தின் வழியாகக் கடந்துபோக முற்பட்டபோது, ஜெனீவாவில் ரோன் ஆற்றின் மீதிருந்த பாலத்தை இடிக்குமாறு ஜூலியஸ் சீசர் ஆணையிட்டார். அந்த நிகழ்ச்சியைத் தம் போர்க் குறிப்புகளில் எழுதியபோது அவர் கையாண்டது இதே வினைதான். ரோமானியர்கள் சட்டங்களையும் தீர்ப்புகளையும் செல்லாததாக்கவும் அதையே பயன்படுத்தினார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்தது.

(காட்சி: திருமணிமுத்தாற்றின் மீது ஒரு பாலம்)

சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடிவரும் இந்த ஆற்றின் பாலம் ஒன்றை எடுத்துவிட்டால், இக்கரைக்காரர் இக்கரையிலும் அக்கரைக்காரர் அக்கரையிலும், பாலம் கட்டுவதற்கு முன் இருந்த நிலையில் நிற்பார்கள். ‘ரிசிண்ட்’ என்பதன் சட்டப்பொருளும் இதுவே: ஒப்பந்தத்தைப் பாதியில் நிறுத்துவதன்று, அதற்கு முந்தைய நிலைக்கே இருவரையும் கொண்டுபோவது.

ஏற்காட்டில் ஒருவர், வற்றாத ஊற்று இருக்கிறது என்ற பொய்யை நம்பி ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 19ஆம் பிரிவின்படி, ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் 64ஆம் பிரிவு, அப்படி விலகுபவர் தாம் பெற்ற பயனை இயன்றவரை திருப்பித் தர வேண்டும் என்கிறது. முன்பணத்தைத் திரும்பக் கேட்பவர் தோட்டத்தையும் ஒப்படைத்தாக வேண்டும். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் இதை ஒத்த வேறு சொற்களும் உண்டு: வேர்ப்பொருளில் ‘ரிவோக்’ (revoke) என்பது குரல் கொடுத்துத் திரும்ப அழைப்பது, ‘அனல்’ (annul) என்பது ஒன்றுமில்லாமல் ஆக்குவது. ‘ரிசிண்ட்’ உட்பட மூன்றுக்கும் நாம் ‘ரத்து’ என்றே சொல்கிறோம்.

அந்த ‘ரத்து’ அரபு மொழியின் ‘ரத்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள்களில் ஒன்று, திருப்பிக் கொடுத்தல். ‘ரிசிண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் பிளப்பதோடு நின்றுவிட, 64ஆம் பிரிவு கேட்பதை நம் பத்திர எழுத்தர்கள் அன்றாடம் எழுதும் சொல் தன் வேரிலேயே வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் ‘ரத்து’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.