கடைசித் தாள் இல்லாத கதை

(எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் பிடித்துப் பழக்கமில்லை. வார்த்தை முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டத்துக்கு நான் வந்து நாலு மாதம் ஆகிறது. உங்களில் பாதிப் பேருக்கு என்னை வேறு விதமாகத் தெரியும். நூலகத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஆதார், பத்திரம், சாதிச் சான்றிதழ், பரீட்சை நோட்ஸ் என்று பதினாறு வருஷமாக எத்தனையோ தாள் என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒன்றையும் படித்ததில்லை. படித்துக்கொண்டு நின்றால் கடை நடக்காது.

போன ஆடி மாதம் ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத ஜெராக்ஸ் கடைக்காரன் மாதிரி வெட்டியாக இருக்கிற ஆள் உலகத்தில் கிடையாது. யாரோ கடையில் விட்டுப் போன ஒரு கதையின் நகல் மேஜைக்கு அடியில் கிடந்தது. ஸ்டேப்ளர் அடித்த மூலை கிழிந்து கடைசித் தாள் காணாமல் போயிருந்தது. தலைப்பு ‘அக்கினிப் பிரவேசம்’. எழுதியவர் ஜெயகாந்தன். பெயர் தெரியும், படித்ததில்லை.

மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு காலேஜ் பெண். ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அப்புறம் நடக்கக்கூடாதது நடக்கிறது. நனைந்துபோய் வீட்டுக்கு வருகிறாள். வாயில் அவன் கொடுத்த சூயிங்கம். அம்மாவிடம் உள்ளதைச் சொல்கிறாள். அம்மா அலறி அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். அவ்வளவுதான், தாள் முடிந்துவிட்டது. எனக்கு வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிறாள். நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

கரண்ட் வந்ததும் முதலில் வந்தவர் ஒரு தமிழாசிரியர். இதோ, இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். “சார், இந்த அம்மா அப்புறம் என்ன பண்ணுவா?” என்று கேட்டேன். “மழைல நனைஞ்சுட்டு வந்தா, அதான் அடிச்சேன்னு கேட்டவங்க வாயை அடைச்சிருவா. பொண்ணைக் கூட்டிட்டுப் போய்த் தலைல தண்ணி ஊத்துவா. நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லுவா” என்றார்.

பின்னால் நின்ற அக்கா ஒருவர் விடவில்லை. “அதெல்லாம் இல்லைங்க. அம்மா ஊரைக் கூட்டிருவா. அண்ணன்காரன் வீட்டை விட்டே துரத்திருவான். நான் படம் பார்த்திருக்கேன்” என்றார். சார், “படத்தைப் பார்த்துட்டுக் கதை பேசக்கூடாதும்மா” என்று ஆரம்பிக்க, அக்கா, “அந்தப் படத்துக்கும் கதை வசனம் அவரேதாங்க சார்!” என்று ஒரே போடு. என் கடையில் அன்றைக்கு நாலு பேர் ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கியச் சண்டை கேட்டார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1966-இல் ஆனந்த விகடனில் அந்தச் சிறுகதை வந்தபோது, அம்மா எப்படி அப்படி மன்னிக்கலாம் என்று பெரிய கூச்சல் கிளம்பியிருக்கிறது. ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, அந்த அம்மா வாயை மூடாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. 1977-இல் பீம்சிங் அதைப் படமாக எடுத்தார். அந்தப் பெண்ணாக, அதாவது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

நாவலில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கங்கா வளர்ந்து, வேலைக்குப் போய், தனியாக நிற்கிற காலத்தில் ஒரு பத்திரிகைக் கதையைப் படிக்கிறாள். அவளுக்கு நடந்ததேதான் கதை. ஒரே வித்தியாசம், கதையில் வருகிற அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள், தன் அம்மா ஊற்றவில்லை. சாரும் அக்காவும் என் கடையில் போட்ட சண்டை அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறது! படத்தில் அந்தக் கதையை எழுதுகிற எழுத்தாளராக நாகேஷ் வருவார். சிரிக்க வைக்காத நாகேஷ். அவரைப் பார்ப்பதற்கே இன்னொரு தடவை பார்க்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நாலு மாதத்தில் இங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம், “புத்தகத்தைப் படம் கெடுத்துவிட்டது.” பெரியவர்கள் சொல்கிறீர்கள், சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். ஆனால் எழுதினவரே ஒரு முறை தண்ணீர் ஊற்றினார், மறுமுறை சொம்பைக் கீழே வைத்துவிட்டார். அவர் கதைக்கு அவரே விசுவாசமாக இல்லாதபோது, நாம் எதற்கு வாசலில் காவல் நிற்கிறோம்?

‘உதிரிப்பூக்கள்’ பார்த்துவிட்டு, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தேடிப் படித்தேன். 1979-இல் வந்த படம். படத்தை எடுத்த மகேந்திரன் கதைக்கான நன்றியைப் புதுமைப்பித்தனுக்குக் கொடுத்திருக்கிறார். படித்தால், பெயரையும் தாயில்லாத குழந்தைகளையும் தவிர ஒன்றும் ஒட்டவில்லை. கதையில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. படத்தில் அதே பெயர்க்காரனை ஊரே சேர்ந்து ஆற்றில் இறக்குகிறது. முதலில் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் யோசித்தால், கரையில் நிற்கிற அந்தக் குழந்தைகளை எனக்குக் காட்டியது படம், அவர்களைத் தேடிக்கொண்டு புதுமைப்பித்தன் வரைக்கும் என்னைத் தள்ளியதும் படம். ஏமாற்றத்துக்கு மேல் வரவுதான்.

படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற வழக்கம் இங்கே இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், புதிதாக வந்தவனுக்குத்தான் அது கண்ணில் படும். ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது இந்த நூலகத்தில் முதல் பாகத்துக்குக் காத்திருந்த பையன்களைக் கடையிலிருந்தே பார்த்தேன். “இத்தனை நாள் எங்கேடா இருந்தீங்க?” என்று ஒருவர் கேட்டார். அவர்கள் இங்கேதான் இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு எந்த முடிவு பிடிக்கும் என்று சார் அப்போதே கேட்டார். பெண்ணைப் பெற்றவனாக, தண்ணீர் ஊற்றின அம்மாதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அந்த ஒரு பொய்க்காகவே அவளைக் கும்பிடலாம். வீட்டில் இரண்டு முடிவையும் சொன்னேன். என் வீட்டுக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “அழுக்கு அந்தக் கார்க்காரன் மேலதானே? இவளுக்கு எதுக்குத் தண்ணி?” என்றாள். அவள் கதையும் படிக்கவில்லை, படமும் பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை. சாரிடமும் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றார், மூன்று கூட்டம் ஆகிவிட்டது.

ஒரு விஷயம் பாக்கி. அந்த நகலைக் கொண்டுவந்திருக்கிறேன். நூலகத்துப் புத்தகத்தை வாங்கி, கடைசி இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். விட்டுப் போனவர் இந்த அரங்கத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். டீ சாப்பிடும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கிற பக்கங்களுக்குக் காசு கொடுத்திருப்பீர்கள். கடைசி இரண்டுக்கு மட்டும் நாலு ரூபாய்.