கடல் நடுவே குடித்தனம், காருக்குப் பின்னால் கேரவன்

நேயர்களுக்கு வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்னத் தீவில் குடியிருக்கிறோம். "தினமும் கடற்கரைதானே, உங்களுக்கெல்லாம் விடுமுறை எதற்கு?" என்று கேட்பார்கள். தீவில் எந்தச் சாலையில் போனாலும் சீக்கிரமே கடல் வந்து மறித்துவிடும். அதனால் எங்களுக்கு நீளமான சாலை என்றால் ஒரு ஏக்கம். கேரவனைக் காரில் மாட்டி, ஃபெர்ரியில் ஏற்றி, அக்கரையில் இறங்கிப் போய்விடுவோம். சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் பெரிய வண்டியை நினைக்காதீர்கள். இது படுக்கை, சாமானோடு சக்கரத்தில் ஓடும் குட்டி வீடு. இதற்கு எஞ்சினே கிடையாது, கார் இழுத்தால்தான் நகரும்.

ஊர் சுற்றுவதற்காகவே கேரவன் கட்டிக்கொண்ட முன்னோடி கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்தவர். கப்பலில் இருந்த மனிதருக்குத்தான் தரையில் வீட்டை இழுத்துக்கொண்டு போகத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்! 1885-இல் பிரிஸ்டலில் சொல்லிச் செய்த அந்த வண்டியின் எடை ஏறக்குறைய 2 டன். இழுத்தவை இரண்டு குதிரைகள்.

அந்த எடைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. எங்கள் வீட்டில் சண்டை வருவதும் அதனால்தான்.

தீவில் ஒரு சின்ன உதிரிபாகம்கூட ஃபெர்ரியில்தான் வர வேண்டும். காற்று பலமாக அடித்தால் ஃபெர்ரி ஓடாது. கடைக்காகக் காத்திருப்பதைவிட நாமே செய்துவிடலாம் என்று கை தானாகப் பழகிவிடுகிறது. மடக்கு மேசை, இழுப்பறை, வாசல்படி எல்லாம் நான் செய்பவை. எடை போட்டுப் பார்க்காமல் எதையும் உள்ளே ஏற்ற விடமாட்டார் அவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேரவனுக்கு அனுமதித்த மொத்த எடையில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், பல வண்டிகளில் மிஞ்சுவது 150 கிலோவைச் சுற்றித்தான். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியே 25 கிலோ சாப்பிட்டுவிடும். லித்தியம் என்றால் சுமார் பாதி. பலகையிலும் அப்படித்தான். 12 மில்லிமீட்டர் பிர்ச் மரப் பிளைவுட் சதுர மீட்டருக்கு 8 கிலோ வரும், பாப்லர் மரப் பிளைவுட் ஐந்தரை கிலோவோடு நின்றுவிடும். நான் பாப்லருக்கு மாறியது அவருக்குப் பயந்தல்ல என்று சொல்லிக்கொள்கிறேன்.

எவ்வளவு எடை என்பதோடு, எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கனமான சாமான் சக்கர அச்சுக்கு மேலே, தாழ்வாக இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வண்டி வேகத்தில் இப்படியும் அப்படியும் வாலாட்டத் தொடங்கும். காரின் கொக்கி மேல் அழுத்தும் எடை, ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. காரும் கொக்கியும் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. இதை அளக்க வீட்டில் குளியலறை எடை மெஷின் போதும். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கேரவனின் மூக்கை, அதாவது கார் கொக்கியில் மாட்டும் முன் முனையை, இறக்க வேண்டும். காரில் மாட்டும்போது எந்த உயரமோ அந்த உயரத்துக்குக் கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். முன் சின்னச் சக்கரம் தரையில் படக்கூடாது. அப்புறம் முள் காட்டுவதைப் படிக்கலாம்.

உள்ளே பலகை அடிப்பவர்கள் தரையில் இருக்கும் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஃபெர்ரியில் ஏறும்முன் சிலிண்டரையும் மூடிவிட வேண்டும்.

உப்புக்காற்றுக்கு 316 ரக எவர்சில்வர் திருகுதான் சரி. அதில் மாலிப்டினம் கலந்திருக்கும். சாதாரண 304 கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். அந்தத் திருகும் அலுமினியத் தகடும் நேராகத் தொட்டு, இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். நடுவே ஒரு நைலான் வாஷர் போட்டால் அரிப்பு குறையும்.

இப்போதைய தகராறு சைக்கிள் தாங்கி. நான் பின்பக்கம் மாட்ட ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். வால் கனக்கும் என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு, காரும் கேரவனும் சேர்ந்த மொத்த நீளத்துக்குத்தான் ஃபெர்ரியில் கட்டணம், தாங்கி நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். சரி, இந்த முறை அவர் ஜெயித்துவிட்டார். சைக்கிள்கள் காரின் கூரை மேல் போகின்றன. நன்றி, வணக்கம்.