கடைத்தெருவா, கைப்பேசியா? – கடைத்தெரு அணியின் உரை

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், அவைக்கு வணக்கம், எதிரணிக்கும்... சரி, வணக்கம். பொருள் வாங்கும் இன்பம் கடைத்தெருவிலா கைப்பேசியிலா என்பது தலைப்பு. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் மாட்டுக் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை ஒரு போடு போட்டார். "சென்னை சவுகார்பேட்டை மின்ட் தெருவில் நடக்கிறவர் பொருள் வாங்கப் போகவில்லை, மாடு முட்டாமல் வீடு திரும்புகிறாரா என்று பந்தயம் கட்டிப் போகிறார்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். இரண்டாவது வரிசையில் என் வீட்டுக்காரம்மாவும் தட்டினார், பார்த்தேன்.

தங்கச்சி, மாடு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் கைப்பேசியிலும்தான் குறுக்கே விளம்பரம் வந்து நிற்கிறது. மாடு "ஹை" என்றால் நகரும். விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. அதில் விரல் வைத்தால் வேறு கடைக்கு இழுத்துப் போகிறது. எந்த மாடாவது நம்மை வேறு கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறதா? விரட்டியிருக்கிறது, அது வேறு விஷயம்!

காரைக்குடியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். அவருடைய தூக்குவாளிக்கு மூடி தொலைந்துவிட்டது. என் பையன் கைப்பேசியில் தேடினான். மூன்று வாளி சேர்த்து வாங்கினால் மூடி உண்டு என்றது. "மூடிக்காக மூணு வாளியா? போடா, நான் போய் வாங்கியாறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை நான் சும்மா இருக்க முடியுமா?

யானைக்கவுனிப் பக்கம் இறங்கி மின்ட் தெருவுக்குள் நுழைந்தோம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் நாணயம் அடித்த தெரு; நாம் கரைக்கிற தெரு. முதல் கடையில் மார்வாடிப் பையன், "மூடி மட்டும் வராதும்மா, நாலு கடை தள்ளிப் பாருங்க" என்றான். தள்ளிப் போனால் தெலுங்குக்காரர், வாளியின் வாயைச் சாண் போட்டு அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நடுவில் காக்கடா ராம்பிரசாத் வாசலில் ஜிலேபி வாசனை. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. "பார்க்கத்தான் வந்தேன் மாப்பிள்ளை" என்றார். வாயால் பார்த்தார்! அப்புறம் முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் முறுக்கு. நடுவில் சட்னி, தக்காளி, வெள்ளரி. "பாதிப் பல் இல்லாதவளுக்கு இது ரொட்டியா?" என்று கேட்டுக்கொண்டே முடித்தார்.

கடைசியில் ஒரு சந்துக்கடை. வயதான குஜராத்திக்காரர் தகர டப்பாவைக் கவிழ்த்தார். டப்பா முழுக்க மூடி. ஒவ்வொன்றாகப் போட்டுத் தட்டினார். டொங்... டொங்... ஒன்று டக்கென்று உட்கார்ந்தது. விலை 40 ரூபாய். அத்தை, "இருவது" என்றார். கடைக்காரர் சிரிக்கவே இல்லை. "பெரீம்மா, மூடி ஓசி. வாளிய இங்கியே வெச்சிட்டுப் போ."

பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடி சொல்கிறேன்: மூடி ஓசி, வாளியை வைத்துவிட்டுப் போ! காரைக்குடியில் அத்தை சொல்லும் கதையில் இதே மூடி பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது.

நடுவர் மணியைத் தொடுகிறார். சரி, வாதம். துணிக்கு கோடவுன் தெரு, கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு. தெருவுக்கொரு தொழில், தொழிலுக்கொரு பாஷை. வாதம் அவ்வளவுதான்.

ஒன்று மிச்சமிருக்கிறது. அன்றைக்கு அப்படியே போஸ் ரோடு வழியாகப் பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. வெறுங்கையோடு கப்பலேறி வந்த நம் சனங்கள் 1969இல் போட்ட கடைகள் அவை. எதிரே அத்தோ வண்டி, அது பர்மாச் சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறுப்பு, எல்லாவற்றையும் ஒரு பையன் கையாலேயே பிசைந்து தந்தான். வாயில் வைத்த அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பிறந்தது ரங்கூனில். கப்பலில் வந்தபோது பாவாடை கட்டிய சிறுமி.

"ரங்கூன்ல உங்களுக்கு எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது பாட்டி. தாத்தா இருந்தா உங்கள உக்கார வெச்சுப் பேசிக்கிட்டே இருந்திருப்பாரு" என்றான் பையன். காசு வாங்க மாட்டேன் என்றான். மூடிக்கு இருபது ரூபாய் பேரம் பேசிய அத்தை, நூறு ரூபாய்த் தாளை அவன் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தார்.

"உங்களுக்கு எந்தத் தெரு?" என்று கேட்க, உங்கள் கைப்பேசியில் எதை அழுத்த வேண்டும் தங்கச்சி? அதை மட்டும் காட்டிவிட்டு, நீங்களே ஜெயித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.